கொட்டாஞ்சேனையில் பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளை மீண்டும் ஆரம்பிக்கக் கோரும் மனு

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பகுதிகளில் வசிக்கும் நாங்கள், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கான மாலை நேர வகுப்புகளை எங்கள் பகுதியில் மீண்டும் ஆரம்பித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முன்பு பக்கத்துப் பாடசாலை ஒன்றில் எழுத்தறிவு, பேச்சுச் சிங்களம், தையல், சாதாரண தரக் கணிதம் என வகுப்புகள் நடந்தன. வரவு போதாது என்று ஒவ்வொன்றாக நின்றுபோயின. எஞ்சியவை வார நாட்களில் காலை 9 மணிக்கு மாற்றப்பட்டன. அந்நேரம் புறக்கோட்டையில் கடைகள் திறந்து, நாட்டாமைமார் மூட்டை தூக்கத் தொடங்கியிருப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அதற்கும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பிறகு வரவு எப்படி இருக்கும்?

கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது 2016இல்தான். அதற்கு முன்பே படிப்பை விட்டு, மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்த பலர் இன்று முப்பது, நாற்பது வயதில் எங்கள் தெருக்களில் இருக்கிறார்கள். லொறியில் சரக்கு வந்தால் பில்லில் எத்தனை பெட்டி எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமலே கையொப்பம் வைக்கிறார்கள். பிறகு ஒரு பெட்டி குறைந்தால் அது சம்பளத்தில் கழிகிறது. அலுவலகங்களில் சிங்களத்தில் தரும் படிவத்தை நிரப்பவும் யாரையாவது பிடிக்க வேண்டியிருக்கிறது. 1987 முதல் தமிழும் அரசகரும மொழிதான். கவுன்டரில் நிற்பவருக்கு அது எப்போதும் உதவுவதில்லை.

ஸூமில் படிக்கலாமே என்கிறார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பிள்ளையின் பாடத்துக்கு. எங்கள் மதில்கள் நிறைய டியூசன் போஸ்டர்கள்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு இடம் பிடிக்க அடிபடுகிறார்கள். முப்பத்தைந்து வயதுக்காரர் கூட்டல் கழித்தல் படிக்க ஓர் இடம் இல்லை.

எழுத்தறிவின்மையை முற்றாக ஒழிப்பதும் கல்வியில் எல்லோருக்கும் சமவாய்ப்பு அளிப்பதும் அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையில் அரசின் இலக்குகளாக இருக்கின்றன. எனவே தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றின் இரண்டு வகுப்பறைகளை, வாரத்தில் மூன்று நாள் இரவு 7 முதல் 9 மணி வரை திறந்துதர வேண்டுகிறோம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு ஞாயிறு பின்னேரம்தான் சரிவரும். கேட்டைத் திறந்து பூட்டும் காவலாளிக்கு மேலதிகக் கொடுப்பனவும் மின்சாரச் செலவும் ஒதுக்காவிட்டால் எந்த அதிபரும் சம்மதிக்க மாட்டார். போன தடவை இழுபறி தொடங்கியதே அங்கேதான். ஆசிரியர் கொடுப்பனவும் மாதாமாதம் கிடைக்க வேண்டும். முதல் ஆண்டிலாவது, ஆள் குறைவு என்ற காரணத்துக்காக மட்டும் வகுப்பை நிறுத்தாதிருக்கவும் வேண்டுகிறோம்.

படிக்க விரும்புவோரின் பெயர்களையும் அவர்களுக்கு வசதியான நேரங்களையும் நாங்களே திரட்டித் தருவோம். தங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் அந்தப் பட்டியலோடு வருகிறோம்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிக் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)