இந்த வாரப் பயிற்சி: மெஷினில் டிரபுன்டோ

எல்லோருக்கும் வணக்கம். பூவும் இலையும் மட்டும் மெத்தென்று புடைத்து நிற்கும் டிரபுன்டோ என்ற குவில்டிங்கை (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் வேலை) இந்த வாரம் பழகுகிறோம். மேல்துணியில் டிசைனை வரைந்து, அடியில் தடிமனான பேட்டிங் (பஞ்சு விரிப்பு) வைத்து, தண்ணீரில் கரையும் நூலால் கோட்டின் மேலேயே தையுங்கள். ஃபீட் டாக்கை (மெஷினில் துணியை நகர்த்தும் பற்களை) இறக்கி, டார்னிங் ஃபுட் (துணியை எந்தப் பக்கமும் கையால் நகர்த்தித் தைக்க உதவும் பாதம்) மாட்டினால் வளைவுகள் சுலபமாக வரும்.

அப்புறம் திருப்பிப் போட்டு, தையலுக்கு வெளியே இருக்கும் பேட்டிங்கை ஒட்ட நறுக்குங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல்தான் நல்லது. கூர்முனை பட்டால் மேல்துணி கிழிந்துவிடும். இங்கே அவசரமே வேண்டாம், பாதி அழகு இந்த வெட்டில்தான் இருக்கிறது.

சரி, அடுத்து மெல்லிய பேட்டிங்கும் அடித்துணியும் சேர்த்து, சாதா நூலால் அதே கோட்டில் தையுங்கள். சுற்றிலும் நெருக்கமாகத் தைக்கத் தைக்கப் பின்னணி அமுங்கி, பூ எழும்பி வரும். கடைசியில் அலசினால் முதல் நூல் கரைந்துபோகும்.

தைத்ததைப் படமெடுத்து, பின்பக்கத்தோடு குழுவில் போடுங்கள்.