இரைச்சலின் எல்லை

பினாங்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் தண்ணீர்மலைப் படி ஏறியே தீருவேன் என்று பிடிவாதம். பிரிக்பீல்ட்ஸில் புது வீடு பழகிவிட்டதா?

சரி, நீ அனுப்பிய பங்குச்சந்தைக் கணக்குக்கு வருகிறேன். 100 பங்குகள், 400 நாள் விலை மாற்றங்கள். எந்தப் பங்கு எதனோடு சேர்ந்து அசைகிறது என்று காட்டும் ஒட்டுறவு அணி (correlation matrix) போட்டு, ஐகன் மதிப்பு (பங்குகள் சேர்ந்து அசையும் ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு அசைவு என்ற அளவு) 1-ஐத் தாண்டியதையெல்லாம் ‘மறைந்திருக்கும் காரணி’ என்று குறித்திருக்கிறாய். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஒன்று செய். ஒவ்வொரு பங்கின் நாள் வரிசையையும் தனித்தனியாகக் கலைத்துப் போடு. பங்குகளுக்குள் இருந்த உறவு மொத்தமும் போய்விடும். அப்போது ஐகன் மதிப்பெல்லாம் 1-ஐ ஒட்டித்தானே வர வேண்டும்? வராது. ஏறக்குறைய 0.25 முதல் 2.25 வரை பரவிக் கிடக்கும். கார்கிவ் நகரத்துக் கணிதவியலாளர்கள் மார்ச்சென்கோவும் பாஸ்தூரும் 1967-லேயே இதைக் கணக்கிட்டுவிட்டார்கள். பங்குகளின் எண்ணிக்கையை நாள்களால் வகுத்து வர்க்கமூலம் எடு. இங்கே அது 0.5. அதை 1-உடன் கூட்டி ஒரு முறை, 1-இலிருந்து கழித்து ஒரு முறை வர்க்கப்படுத்து. இரண்டு எல்லையும் வந்துவிடும். நாளும் 100 தான் என்றால் 0 முதல் 4 வரை! வெறும் இரைச்சல், அதாவது தற்செயல் ஏற்ற இறக்கம், போடும் ஆட்டம் இது.

உன் முதல் ஐகன் மதிப்பு 25. அது சந்தை முழுவதும் சேர்ந்து ஏறி இறங்குவது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை 100-இல் (பங்குக்கு 1 வீதம்) அதுவே 25-ஐத் தின்றுவிட்டதால், மீதிக்கு எல்லையும் முக்கால் பங்காகச் சுருங்கி 1.7 அளவில் நிற்கும். அதற்கு மேல் இருப்பதை வைத்துக்கொள், கீழே உள்ளதை நம்பாதே. 1999-இல் லாலூ, பூஷோ முதலிய இயற்பியலாளர்கள் 406 அமெரிக்கப் பங்குகளை இப்படித்தான் சலித்தார்கள். 94 விழுக்காடு ஐகன் மதிப்புகள் இரைச்சல் பக்கமே விழுந்தன.

தப்பிப் பிழைத்ததையும் அப்படியே நம்பிவிடாதே. எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும். வெறும் இரைச்சலுக்குள் ஒரே ஒரு உண்மைக் காரணி இருப்பதாக வை. உன் அளவுத் தரவில் அதன் உண்மையான மதிப்பு 1.5-ஐத் தாண்டாவிட்டால், பெரிய ஐகன் மதிப்பைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, இரைச்சலோடு கரைந்துவிடும். 2005-இல் பைக், பென் அரூஸ், பெஷே என்ற கணிதவியலாளர் மூவரும் காட்டிய வாசல் அது. உண்மை மதிப்பு 2 என்றால் வெளியே தெரியும், ஆனால் 2.5 என்று ஊதித் தெரியும். அதன் திசையோ, அதாவது எந்தப் பங்குக்கு அதில் எவ்வளவு எடை என்பதோ, உண்மையிலிருந்து 39 பாகை சாய்ந்திருக்கும். அந்தத் திசையை நம்பித்தான் நீ எந்தப் பங்கில் எவ்வளவு ரிங்கிட் போடுவது என்று பிரிக்கப் போகிறாய்!

பாயான் லெப்பாஸில் சிப் வேலை பார்க்கும் எங்களுக்கும் இதே பாடுதான். உணரிகள் ஆயிரக்கணக்கில், பழுதான லாட்டுகள் (ஒன்றாகச் செய்த சிப் தொகுதிகள்) விரல் விட்டு எண்ணுமளவு. வண்ண வண்ணமாக வரைபடம் போட்டால் மேலாளர்கள் தலையாட்டிவிடுவார்கள். கலைத்துப் போட்டும் அதே படம் வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

கலைத்த கணக்கில் வரும் மிகப் பெரிய மதிப்பை எழுதி அனுப்பு. 2.25-ஐக் கொஞ்சம் தாண்டினால் பயப்படாதே, விளிம்பில் சற்று ஆடும். பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறுவதாக இருக்கிறோம். ஜாதிக்காய் ஊறுகாய் வேண்டுமா என்று உன் வீட்டில் கேட்டுச் சொல்.

அன்புடன்,
மணியம்