பூட்டிய அலுவலகத்தின் படியிலிருந்து

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு, வணக்கம்.

பூட்டியே கிடக்கும் தங்கள் தொகுதி அலுவலகத்தின் நிலையைத் தங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. இதுவரை மூன்று மனுக்கள் கொண்டுவந்தோம். மூன்றையும் கதவிடுக்கில்தான் செருகிவிட்டு வந்தோம்.

சென்ற திங்கட்கிழமை, நின்றுபோன முதியோர் உதவித்தொகைக்குத் தங்கள் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்த பக்கத்துக் கிராமத்து மூதாட்டி ஒருவர், ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் வைத்த மஞ்சள் பையை மடியில் இருத்திக்கொண்டு, காலை பத்து மணி முதல் அலுவலகப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். "ஐயா மெட்ராஸ்ல இருக்காக" என்று எதிரிலிருந்த டீக்கடைக்காரர்தான் அவருக்குப் பதில் சொன்னார். அன்று சட்டமன்றம் கூடவில்லை என்பதை நான் மூதாட்டியிடம் சொல்லவில்லை. இரண்டரை மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான் என்று எழுந்து போய்விட்டார். வாரத்தில் இரண்டு நாளாவது அலுவலகத்தைத் திறந்து வையுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

2001, 2006 ஆகிய இரு தேர்தல்களில் மதுரை கிழக்கில் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் நன்மாறன் அவர்களைத் தாங்கள் அறிவீர்கள். 'மேடைக் கலைவாணர்' என்று பெயரெடுத்த அவர், பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்தும் சொந்த வீடில்லாமல், 2021இல் மனைவியுடன் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று, அரசுக் குடியிருப்பில் வீடு கேட்டு மனுக் கொடுத்தார். அதே ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் மதுரை அரசு மருத்துவமனையில் காலமானார். அவரை அந்த நிலையில் விட்டது நமக்குப் பெருமையில்லை. தாங்களும் அப்படி வாழ வேண்டும் என்று நாங்கள் கேட்கவுமில்லை. மனுவும் கையுமாக நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

2017இல் உறுப்பினர்களின் மாத ஊதியம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயானபோது நாங்கள் முணுமுணுக்கவில்லை. தங்கள் பிறந்தநாளுக்குப் பேருந்து நிலையத்திலிருந்து தாலுகா அலுவலகம் வரை நின்ற ஃபிளெக்ஸ் பலகைகளில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். பலகையிடம் மனுக் கொடுக்கும் ஏற்பாடு மட்டும் இன்னும் வரவில்லை.

பொறுத்தருளுங்கள், கோரிக்கைக்கே வருகிறேன். திங்களும் வியாழனும் காலை பத்து முதல் ஒரு மணி வரை அலுவலகம் திறந்திருக்கட்டும். தாங்கள் வர இயலாத நாளில், மனுவை வாங்கிப் படித்து, முத்திரையிட்ட ரசீது தர ஒருவரை அங்கே அமர்த்துங்கள். அந்த மூதாட்டியின் மனு நகல் என்னிடம் இருக்கிறது. கதவு திறக்கும் நாளில் அவரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

தங்கள் தொகுதி வாக்காளர் ஒருவர்