குருத்தைத் துளைக்கும் வண்டு: மொரீசியஸ் தாவரப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

தைப்பூசக் காவடிக்குக் குருத்தோலையும் தேங்காயும் தரும் மரங்களை வளர்ப்பவன் நான். அந்த மரங்களின் உச்சியைக் குடையும் காண்டாமிருக வண்டைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

ஆசியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1960-களில் நம் தீவுக்கு வந்தது. அதற்கு நோய் தரும் வைரஸைப் பிறகு கொண்டுவந்து பரப்பினார்கள். அதோடு தொல்லை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 2007-ல் குவாம் தீவில் தென்பட்ட வண்டுகள் அந்த வைரஸுக்கு அசைந்து கொடுக்கவில்லை. அதே ரகம் 2013-ல் ஹவாயிலும் 2015-ல் சாலமன் தீவுகளிலும் பிடிபட்டது. சரக்குக் கப்பலை நம்பிப் பிழைக்கும் நமக்கு மட்டும் அது வராது என்று எப்படி இருந்துவிட முடியும்?

சேதத்தைப் பார்த்து ரகத்தைச் சொல்ல முடியாது. இரவில் பறந்து வரும் வண்டு மட்டை இடுக்கில் இறங்கி, விரியாத குருத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும். துளையின் வாயில் மென்று துப்பிய நார்ச்சக்கை பிதுங்கி நிற்கும். பிறகு விரியும் ஓலை, கத்தரியால் முக்கோணமாக வெட்டியது போல இருக்கும். எந்த ரகமானாலும் இதே அடையாளம்தான். அதனால் கவர்ச்சிப் பொறி வைத்து வண்டுகளைப் பிடித்து, மரபணுச் சோதனை செய்யுங்கள். முதலில் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் சுற்றி. முடிவைத் தோட்டக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.

தென்னையோடு நிற்கிற கதையும் இல்லை இது. கியூர்பிப் தாவரத் தோட்டத்தில் நிற்கும் ஒரு பனை இனத்துக்கு உலகத்தில் வேறு மரமே கிடையாது. ஒற்றைத் தண்டாய் வளரும் பனை வகைக்கு வளரும் நுனி ஒன்றுதான். அது செத்தால் மரமும் போச்சு. ஆபத்தை மதிப்பிடும்போது தேங்காய் விளைச்சலை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள்.

அப்புறம், புயலில் சாய்ந்த மரங்கள். மரத்தைக் கெடுப்பது வளர்ந்த வண்டுதான். அதன் புழு வளர்வதோ மட்கும் தண்டிலும் எருக்குவியலிலும். வெட்டிய தண்டை வேலியோரம் போட்டுவிட்டு மருந்தடிப்பதில் பயனில்லை. அதைத் தூளாக்கும் இயந்திரத்தை ஊர் ஊராக அனுப்பினால் சிறு தோட்டக்காரர்களும் ஒத்துழைப்பார்கள்.

பொறி வைக்கக் கோயில் வளாகங்களைக் கேளுங்கள். நிர்வாகிகளிடம் நானே பேசுகிறேன். காவடிக்கு ஓலை வெட்ட மரம் ஏறுகிறவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால், உச்சியில் கண்டதை உடனே உங்களுக்குச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
தென்னை வளர்க்கும் ஒரு மொரீசியஸ் தமிழன்