பெயின்ட் அடிக்கும் முன்

கோலார் தங்கவயல் சுரங்கங்களின் பழம்பொருட்களுக்குப் பொறுப்பாக இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என் வீட்டு பீரோவில் ஒரு பித்தளை வில்லை இருக்கிறது. நடுவில் எண், மேலே ஓர் ஓட்டை. ஓட்டையின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மெலிந்திருக்கும். ஆணியில் தொங்கித் தொங்கித் தேய்ந்தது. தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கும்போது எடுத்துக்கொண்டு, மேலே வந்ததும் திருப்பிக் கொடுக்கும் டோக்கன் அது. ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதிய பிறகும் பலகையில் ஓர் ஆணி காலியாக இருந்தால், ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். கடைசி ஷிஃப்டன்று அவர் இதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கணக்குப்படி பார்த்தால் அவர் இன்னும் கீழேதான் இருக்கிறார்.

தங்கவயலுக்கு அருங்காட்சியகம் என்ற பேச்சு வந்தாலே தங்கக் கட்டி, துரைமார் பங்களா, கிளப், ‘குட்டி இங்கிலாந்து’ எல்லாம் வரிசையாக வந்துவிடும். வரட்டும். லண்டன் கம்பெனியான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880ல் இங்கே கால்வைத்து ஓர் ஊரையே கட்டியது. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் காட்டத்தான் வேண்டும். ஆனால் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்து, லைன் வீடுகளில் குடும்பம் நடத்தி, 3 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அவர்கள் விட்டுப்போன பொருட்களில் பளபளப்பு கிடையாது. காயலான் கடைக்கு முதலில் போவதும் அவைதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு பொருளை எடுக்கும்போது, அதைக் கையாண்டவரின் சொல்லையும் சேர்த்து எடுங்கள்.

வைண்டிங் இஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் இரும்புக்கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் யந்திரம். டிரம்மின் விளிம்பில் பெயின்டில் சில கோடுகள் இழுத்திருப்பார்கள். பார்க்கிறவருக்கு அழுக்கு. ஓட்டியவருக்கு, கயிறு எத்தனை சுற்று வந்தால் கேஜ் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதற்கான கணக்கு. அவர் கேஜைப் பார்ப்பதில்லை. மணி எத்தனை அடிக்கிறது என்று கேட்பார், கோட்டைப் பார்ப்பார், அவ்வளவுதான். முப்பது பேர் உயிர் அந்தக் கோட்டில் நிற்கும். நல்லெண்ணத்தோடு ஒருவர் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பச்சை பெயின்ட் அடித்து, வாசலில் நிறுத்தினால் என்ன மிஞ்சும்? இரும்பு மிஞ்சும். பழைய யந்திரத்துக்குப் புது பெயின்ட் அடிப்பதைப் ‘பராமரிப்பு’ என்று நம்புகிற பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது.

காகிதம் இன்னும் மோசமான நிலையில் இருக்கிறது. கரையானுக்குச் சம்பளப் பதிவேடும் பழைய செய்தித்தாளும் ஒன்றுதான். 1930ல் கைரேகை பதியச் சொன்னபோது தொழிலாளர்கள் மறுத்து வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அப்படியிருக்க, ரேகை வைத்த ஒரு பதிவேடு கிடைத்தால் அது கண்ணாடிக்குள் இருக்கவேண்டியதா, மூட்டையில் இருக்கவேண்டியதா? தலித் மக்களைப் பௌத்தத்துக்கு அழைத்த அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் காலத்துக்குப் பிறகு இங்கிருந்துதான் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை பௌத்தம் பேசி, திங்கட்கிழமை சுரங்கத்தில் இறங்கிய மனிதர்கள். பாறை உடைத்த கையில் அச்சுத்தாளும் இருந்தது என்பதைக் கிளப்பின் டென்னிஸ் கோப்பைகள் சொல்லாது.

அப்புறம், இதே ஊரில்தான் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் கருவிகளை வைத்து, 1965ல் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைப் பிடித்தார்கள். அந்தக் கருவிகளைக் கீழே சுமந்துபோனது யார் தோள் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் விஞ்ஞானத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

முன்மாதிரி வேண்டுமென்றால் வேல்ஸில் இருக்கிறது. அங்கே பிளேனாவன் ஊரின் பிக் பிட் சுரங்கத்தை 1980ல் மூடினார்கள். 1983ல் அதையே அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களே பார்வையாளர்களைக் கேஜில் ஏற்றி 90 மீட்டர் கீழே கூட்டிப்போய்க் காட்டினார்கள். மூன்றே வருட இடைவெளி. அதனால் சொல்வதற்கு ஆள் இருந்தது. நம் சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. அதே வருடம்தான் பிரிட்டனின் நியூ லேனார்க், சால்டேர் என்ற இரண்டு ஆலை ஊர்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. நம் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. கீழே போய்க் காட்டும் வாய்ப்பு போய்விட்டது, சரி. சொல்லக்கூடியவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் மேலே இருக்கிறார்கள். பாறைத்தூசி பலருடைய நுரையீரலில் இருக்கிறது, அவசரம் அதனால்தான். கட்டடத்துக்கு டெண்டர் விடும் முன்பே ஒரு ரெக்கார்டரோடு ஆளை அனுப்புங்கள். பொருளை அவர்கள் முன்னால் வைத்து, ‘இதற்கு என்ன பேர், எப்படிப் பிடிப்பீர்கள்?’ என்று கேட்கட்டும்.

அவர்கள் சொல்லும் பேரையே அட்டையில் எழுதுங்கள். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதை இந்த ஊரில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். புத்தகத்தில் வேறு பெயர் இருக்கும், அதையும் பக்கத்தில் போடலாம். கன்னடமும் ஆங்கிலமும் இருக்கும் அட்டையில் தமிழும் இருக்கட்டும், தெலுங்கும் இருக்கட்டும். கீழே பேசிய மொழிகள் அவை.

தாத்தாவின் வில்லையைத் தர வீட்டில் எல்லோரும் சம்மதித்துவிட்டோம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பாலிஷ் போடக்கூடாது, கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட் துணிமேல் வைக்கவும் கூடாது. பழைய டோக்கன் பலகை ஒன்று எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள். அதில் ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கவயல் தொழிலாளி ஒருவரின் பேரன்