ஒன்பது பூவும் ஆற்றில்தான் வந்தன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நெல்லைப் பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சொந்த ஊரை அச்சில் பார்த்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்கள், தாமிர சபை, கிருஷ்ணாபுரத்தில் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் சிலை என்று எழுதியவர் நன்றாகவே சொல்லியிருந்தார். காலையில் டவுன், மத்தியானம் கிருஷ்ணாபுரம், சாயங்காலம் இருட்டுக்கடை அல்வா, ராத்திரி ரயில். ஆனால் மூன்று பக்கக் கட்டுரையில் எங்கள் தாமிரபரணி ஆறு ஒரே ஒரு வரியில்தான் வருகிறது. அல்வாவின் ருசிக்கு அந்தத் தண்ணீர் காரணமாம். எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பெயர்க் கதையே ஆற்றில் குளிக்கப் போனவரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. வேதபட்டர் என்ற சிவபக்தர் சுவாமி நைவேத்தியத்துக்கான நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. பதறி ஓடி வந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் நனையாமல் கிடக்கிறது. நெல்லுக்குச் சுவாமி வேலி கட்டியதால் திருநெல்வேலி. அதோடு, தைப்பூசத்தன்று நெல்லையப்பரும் காந்திமதி அம்பாளும் சிந்துபூந்துறை தைப்பூச மண்டபத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறார்கள். சுவாமியே ஆற்றங்கரைக்கு வந்து போகிற ஊரில், அவரைப் பார்க்க வருகிறவர்களை மட்டும் நாம் ஆற்றைக் காட்டாமல் அனுப்பிவிடுகிறோம்.

கட்டுரையில் குறுக்குத்துறை முருகன் கோயில் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. டவுனிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். இரண்டு பக்கமும் மருத மரம், நடுவில் இறங்கிப் போகிற பாதை, அப்புறம் ஆற்றுக்குள்ளேயே கோயில். கரையில் கட்டிய கோயில் எத்தனையோ உண்டு. இது ஆற்றின் படுகையில் நிற்கிறது. வெள்ளம் வரும் திசையில் சுவரைப் படகின் முனை மாதிரி கூர்மையாகக் கட்டியிருக்கிறார்கள். வருகிற தண்ணீர் முட்டி மோதாமல் இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் போய்விடும். திருச்செந்தூர் முருகன் சிலைக்கு இங்கிருந்துதான் கல் எடுத்தார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் கோயில் சாமான்களையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் மட்டும் அங்கேயே இருப்பார். அவரை மூழ்கடித்துவிட்டுத் தண்ணீர் போகும். வடிந்ததும் மண்ணை அள்ளி, கழுவிவிட்டு, மறுபடியும் பூஜை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் அந்தக் கோயில் முழுகியதைப் பாலத்திலிருந்து பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கும் செம்மண் நிறத் தண்ணீர், அதன் இரைச்சல், வேறொன்றும் இல்லை. தண்ணீர் இறங்கிய பிறகு போனபோது மண்டபத்தில் முழங்கால் அளவுக்கு வண்டல். இளவட்டங்கள் மண்வெட்டியோடு அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு தூணைச் சுற்றிச் சிவப்புப் புடவை ஒன்று கயிறு மாதிரி முறுக்கேறி இறுகியிருந்தது. ஒரு பையன் இழுத்துப் பார்த்தான், வரவில்லை. அரிவாளை வாங்கி அறுத்துத்தான் எடுத்தான். சரிகை அப்படியே மின்னியது. யாரோ எங்கேயோ மேலே விட்ட புடவை.

அந்தப் புடவை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டால் பாவமும் தோஷமும் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. கோயில் படித்துறையில் பொரி போட்டால் பெரிய பெரிய மீன்கள் கூட்டமாக வந்து வாய் பிளக்கும், பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பார்க்கும். அதே படியில் நாலடி தள்ளிப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் வேட்டியும் புடவையும் பாசி பிடித்து அசைந்துகொண்டிருக்கும். நாலு வருஷம் முன்னால் ஆடி அமாவாசைக்குப் போனபோது முங்கி எழுந்த என் தம்பியின் காலில் ஒரு வேட்டி சுற்றிக்கொண்டது. நீச்சல் தெரிந்தவன், ஆளும் வாட்டசாட்டம், அதனால் தப்பினான். ஒரு சின்னப் பிள்ளையாக இருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. டன் கணக்கில் துணி அள்ளுகிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் அதே கதை.

என் ஆச்சி அமாவாசை தவறாமல் ஆற்றில் குளித்தவள். ஒரு நாளும் துணியை விட்டதில்லை. கரையில் உட்கார்ந்து நான் வாய் கொப்பளித்தால்கூட, "ஏட்டி, ஆத்துல துப்பாத, கரையில துப்பு" என்று முதுகில் ஒன்று வைப்பாள். குளிக்கிற தண்ணீர்தான் குடிக்கிற தண்ணீரும். இன்றைக்கும் அப்படித்தான். ஆற்றுப் படுகையில் இருக்கும் உறைகிணறுகளிலிருந்துதான் எங்கள் வீட்டுக் குழாய்க்கும் தூத்துக்குடிக்காரர்கள் வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் போகிறது. பரிகாரத்துக்கு வருகிறவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் நழுவ மாட்டேன். எங்கள் ஊர்ச் சாக்கடையும் ஆற்றில்தான் கலக்கிறது. 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் என்ற ஆற்றுத் திருவிழா நடந்தபோது படித்துறைகள் எவ்வளவு சுத்தமாக இருந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நினைத்தால் முடிகிற காரியம்தான்.

தாமிரபரணிக் கரையில் இருக்கும் ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயத்தைப் பற்றி அடுத்த இதழில் எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்காகவே அவசரமாக இதை எழுதுகிறேன். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஒன்பது தாமரைப் பூக்களை ஆற்றில் விட்டார், அவை எங்கெங்கே கரை ஒதுங்கினவோ அங்கெல்லாம் சிவலிங்கம் வைத்தார் என்பது தலபுராணம். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். எந்த இடம் என்று முடிவு செய்தது ஆறுதான். மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். நானும் போயிருக்கிறேன். ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், இறங்கு, கும்பிடு, விபூதி வாங்கு, ஏறு. கடைசிக் கோயிலில் பக்கத்து சீட் அம்மாவிடம், "ஆத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "எந்த ஆறு?" என்றார். கோயம்புத்தூர்க்காரர், அவர் மேல் தப்பில்லை. நாம் சொல்லவில்லை.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர்கிற வரை இந்த ஆறு தமிழ்நாட்டைத் தாண்டுவதில்லை. அதன் கரையில் ஒரு நாள் நடந்தாலே போதும். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற சுலோசன முதலியார் பாலத்தில் வண்டியை நிறுத்தாமல் போகிறவர்கள்தான் அதிகம். 1843-ல் திறந்த பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார் என்ற உத்தியோகத்தில் இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. அதற்கு முன்னால் நெல்லைக்கும் பாளைக்கும் படகில்தான் போக்குவரத்து. பாலத்தின் ஓரமாக நின்று கீழே ஓடுகிற தண்ணீரை ஐந்து நிமிடம் பார்த்தால் அந்தப் பெயர் மனசில் நிற்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். நவகைலாயக் கட்டுரையில் ஒவ்வொரு கோயிலுக்கும் நடை திறக்கும் நேரம் போடுவீர்கள். கூடவே படித்துறைக்கு எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்றும் ஒரு வரி போடுங்கள். ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுங்கள், காலையில் ஒரு மணி நேரம் ஆற்றுக்கு மிஞ்சும். அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்திருக்கும் நாட்களில் படி இறங்கக் கூடாது, பாசி பிடித்த படியில் ஓரமாகக் கை பிடித்து இறங்க வேண்டும் என்று எச்சரியுங்கள். சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். துணியை ஆற்றில் விடாதீர்கள் என்பதைப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் போடாமல், கட்டம் கட்டிப் பெரிதாகப் போடுங்கள். பரிகாரம் செய்துதான் ஆக வேண்டும் என்கிறவர்கள், உடுத்திய துணியைத் துவைத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கட்டும். எங்கள் ஆச்சி அப்படித்தான் செய்தாள்.

மார்கழிக்கு முன்னால் கட்டுரை வந்துவிட்டால் நல்லது. பேருந்து ஓட ஆரம்பித்த பிறகு வந்தால் பிரயோசனம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மீனாட்சிபுரம், திருநெல்வேலி