கோர்கி ரோடு பஸ் நிறுத்தத்தில் மாமாவுடன் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு

மாமா வீட்டில் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். மறதி நோய் உள்ள மாமா ஓர் இரவு வீட்டை விட்டுப் போய்க் காணாமல் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த இரவைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாமாவின் படத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியவர்கள், காரை எடுத்துக்கொண்டு எங்கள் லீத் பகுதி முழுக்கச் சந்து சந்தாகத் தேடியவர்கள், அத்தையைத் தனியாக விடாமல் விடியும்வரை கூட இருந்தவர்கள், மறுநாள் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தவர்கள், இரவெல்லாம் அலைந்த போலீசார் என எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வோம்.

ஒருவரிடம் மட்டும் அப்படிச் சொல்ல வழியில்லை. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. மாமாவைக் காரில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார். அதனால்தான் இந்தப் பொது மடல்.

ஐயா, நீங்கள் ஹார்ட்ஸ் கால்பந்து அணியின் ஆதரவாளர். மாமாவோ பிறந்ததிலிருந்து எதிரணியான ஹிப்ஸ். எடின்பரோவில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பகை எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. கோட்டுகூட இல்லாமல், வீட்டுச் செருப்போடு உட்கார்ந்திருந்த மாமா உங்களிடம் முதலில் கேட்டது, "இன்று ரெய்லி ஆடுகிறாரா?" என்பதுதானாம்.

ஹிப்ஸின் பழைய வீரர் லாரி ரெய்லி 1958இல் ஆட்டத்தை விட்டவர். 2013இல் காலமாகிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மாமா கோபித்துக்கொண்டு எழுந்து, அந்தக் குளிரில் இன்னும் எங்கேயோ நடந்திருப்பார். நீங்கள் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "வெம்ப்லியில் அந்தக் கடைசி நிமிடக் கோலை எப்படி அடித்தார், சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது போதும் மாமாவுக்கு. 1953 ஏப்ரல், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். ஸ்காட்லாந்து 2-1 என்று பின்தங்கி நிற்கிறது. சாமி காக்ஸ் அடிபட்டு வெளியேறியதால் களத்தில் பத்துப் பேர்தான். மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. ஆட்டம் முடியும் நேரத்தில் ரெய்லி அடிக்கிறார். 2-2. ஸ்காட்லாந்தின் இரண்டு கோல்களும் அவருடையவை. 'கடைசி நிமிட ரெய்லி' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. சொல்லி முடித்த கையோடு மாமா மறந்துபோய், முதலிலிருந்து தொடங்குவார். ஒவ்வொரு முறையும் நீங்கள் அப்போதுதான் கேட்பதுபோல் கேட்டீர்கள் என்று போலீஸ்காரர் சொன்னபோது என் கணவர் அழுதுவிட்டார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது உங்கள் அரக்கு நிற ஸ்கார்ஃப் மாமாவின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. உங்கள் கழுத்து வெறுமையாக இருந்தது. மாமாவின் இரு கைகளையும் உங்கள் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே, ஹார்ட்ஸின் பழைய வீரர் வில்லி பால்டுக்காக நீங்கள் வாதாடிக்கொண்டிருந்தீர்கள். அப்பேர்ப்பட்ட பால்டுக்கு ஸ்காட்லாந்து சட்டை மூன்றே முறைதான் கிடைத்தது, உங்கள் ரெய்லிக்கு முப்பத்தெட்டு முறையா என்று கேட்டீர்கள். 1950இல் ஹாம்டன் மைதானத்தில் பால்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியதே, அதை மாமா கையோடு எடுத்துப் போட்டார். பல மாதங்களாக அவர் அப்படிக் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பேரனின் பெயர் வாயில் வராத மனிதர், ஸ்மித், ஜான்ஸ்டன், ரெய்லி, டர்ன்புல், ஆர்மண்ட் என்று ஹிப்ஸின் அந்தக்கால முன்வரிசை ஐவரையும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வரிசை பிசகாமல் அடுக்கினார். அந்த ஐவரில் ஒவ்வொருவரும் ஹிப்ஸுக்காக லீக் ஆட்டங்களில் நூறு கோலுக்கு மேல் அடித்தவர்கள். ரெய்லி மட்டும் 253 ஆட்டங்களில் 187.

அன்றிலிருந்து நான் ரெய்லியைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். ஹிப்ஸ் 1948, 1951, 1952 ஆண்டுகளில் லீக் வென்றது. 1953இல் புள்ளிகள் சமமாக இருந்தும் ரேஞ்சர்ஸிடம் கோல் சராசரியில் மட்டும் தோற்றது. நுரையீரல் உறை அழற்சி வந்து 1954 உலகக் கோப்பைக்கு ரெய்லி போக முடியவில்லை. 38 ஆட்டங்களில் நாட்டுக்காக 22 கோல் அடித்தவரை முழங்கால் காயம் இருபத்தொன்பது வயதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மாமாவின் நினைவில் அந்த முழங்கால் இல்லை. அவருடைய ரெய்லிக்கு இன்னும் காயமே படவில்லை, சனிக்கிழமை தவறாமல் ஹிப்ஸின் ஈஸ்டர் ரோடு மைதானத்தில் ஆடுகிறார். மாமாவிடமிருந்து நோய் எவ்வளவோ பிடுங்கிவிட்டது. இதை அதனால் தொட முடியவில்லை என்று நீங்கள்தான் எங்களுக்குக் காட்டினீர்கள்.

ஸ்காட்லாந்து கால்பந்து அருங்காட்சியகமும் அல்சைமர் ஸ்காட்லாந்தும் சேர்ந்து நடத்தும் 'ஃபுட்பால் மெமரீஸ்' பற்றி இப்போது விசாரித்துவிட்டோம். மறதி நோய் உள்ளவர்களிடம் பழைய ஆட்டங்களின் படங்களைக் காட்டிப் பேசவைக்கிறார்கள். மாமாவை நானே அழைத்துப் போவேன். அங்கே வரும் மற்ற பெரியவர்களின் கதைகளையும் உட்கார்ந்து கேட்பேன். அவர்கள் எந்த அணியாக இருந்தாலும் சரி, ஒரே கோலை எத்தனை முறை அடித்தாலும் சரி. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஸ்கார்ஃப் எங்களிடம்தான் இருக்கிறது, துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஹார்ட்ஸின் டைன்காசில் மைதானத்துப் பக்கம் இருக்கும் நண்பர்கள் யாருக்காவது இவரைத் தெரிந்தால் தயவுசெய்து இந்த மடலைப் படித்துக் காட்டுங்கள். ஐயா, ஸ்கார்ஃபை வாங்கிக்கொள்ளும் சாக்கிலாவது ஒரு வேளை எங்கள் வீட்டில் சாப்பிட வாருங்கள். பால்ட் விஷயத்தில் மாமா இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.